காரணங் காணா அச்சம்: சாள்ஸ் டார்வின் வாழ்விலிருந்து ஒரு பாடம்

உள்ளத்தே எழும் உணர்ச்சி உடம்பின்கண் புலப்படுதலை மெய்ப்பாடு என்றனர் நம் முன்னோர். மெய்ப்பாடு எட்டனுள் அச்சமும் ஒன்று. அச்சம் பிறத்தற்குரிய நிலைக்களன்கள் நான்கெனத் தொல்காப்பியனார் வகுத்தார். தெய்வமும் பேயும் முதலாயின, கொடிய விலங்குகள், கள்வர், தண்டிக்கும் உரிமை படைத்த தலைவர் என்பன அவை. இந்நான்கனுள் ஒன்றேனும் எதிர்ப்படாதிருக்கவும், தம் வீட்டிலே அமைதியாக அமர்ந்திருக்கும் ஒருவருக்குத் திடீரென நெஞ்சு படபடத்து, கைகால் நடுங்கி, உயிரே பிரியப்போகின்றது என்னும் எண்ணம் எழுமாயின் அதனை யாதென்று சொல்வது? நம்மூர் வழக்கிலே அமைதியிழந்து தவித்தலைப் பதகளித்தல் என்பர். அப்பதகளிப்பு உச்சநிலை எய்தித் திடீரென மோதுவதை இக்கால மருத்துவர் பீதித் தாக்கு என்கின்றனர்.

இது கோழைகளுக்கே வருவது என்று எண்ணுவார் உளர். கூர்ப்புக் கொள்கையினால் உலகின் சிந்தனைப் போக்கையே மாற்றிய சாள்ஸ் டார்வினுடைய வரலாற்றை அறிந்தோர் அங்ஙனம் எண்ணார்.

டார்வின் 1809 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 12 ஆந் திகதி இங்கிலாந்திலே சுரூஸ்பரி என்னும் நகரிற் பிறந்தார். தந்தையார் பெயர் பெற்ற மருத்துவர். எட்டு வயதிலே தாயை இழந்தார். தாயின் மரணப் படுக்கையும், அவர் அணிந்திருந்த கருநிற உடையும், அவருடைய தையல் மேசையுமன்றி அன்னையைப் பற்றிய வேறெதுவும் தம் நினைவில் இல்லையெனப் பிற்காலத்தில் அவர் எழுதினார். மருத்துவம் பயிலுமாறு 1825 இல் எடின்பரோவுக்கு அனுப்பப்பட்டார். மயக்க மருந்து இல்லாத அக்காலத்திலே இரண்டு சத்திரசிகிச்சைகளைக் கண்டு, அவை முடியுமுன்னரே அவ்விடத்தை விட்டு ஓடினார். பின்னர்க் கேம்பிரிட்ஜிற் பயின்று 1831 இற் பட்டம் பெற்றார்.

அவ்வாண்டிலேதான் பீகிள் என்னுங் கப்பலில் உலகைச் சுற்றிவரும் வாய்ப்பு அவரை நாடி வந்தது. கப்பல் புறப்படுதலை எதிர்நோக்கிப் பிளிமத் துறையிலே இரண்டு மாதங்கள் காத்திருந்தார். அப்பொழுது அவருக்கு வயது 22. குடும்பத்தாரைப் பிரியவேண்டும், முன்பின் அறியாத கடலில் நெடுங்காலம் செல்லவேண்டும். அந்நாட்களில் நெஞ்சு படபடத்தது. இதயப் பக்கத்தே நோவும் உண்டாயிற்று. தமக்கு இதயநோய் வந்துவிட்டதென்றே நம்பினார். ஆயினும் மருத்துவர் எவரையும் அவர் நாடவில்லை. பயணத்திற்குத் தகுதியற்றவர் என்று கூறிவிடுவரோ என்னும் ஐயமே அதற்குக் காரணம். 1831 டிசம்பர் 27 இல் கப்பல் புறப்பட்டது.

ஏறத்தாழ ஐந்தாண்டுகள் நீடித்த அப்பயணத்திலே கடல்நோய் அவரை வாட்டியதாயினும், தரையில் இறங்கிய இடமெல்லாம் அவர் காட்டிய உரம் வியக்கத்தக்கது. தென் அமெரிக்கச் சமவெளிகளிற் குதிரையேறி நெடுந்தூரஞ் சென்றார். அந்தீசு மலைத்தொடரைக் கடந்தார். 1835 இல் சிலி நாட்டில் நிகழ்ந்த பெரும் பூமியதிர்ச்சியைக் கண்ணெதிரே கண்டார். ஆதலின் அவரைக் கோழையென்பது பொருந்தாது.

1836 இல் நாடு திரும்பிய பின்னரே துன்பம் முறுகலாயிற்று. உயிரினங்கள் தனித்தனியே படைக்கப்பட்டனவல்ல, காலப்போக்கில் மாறிவந்தனவே என்னும் கருத்தை 1837 இலே தம் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே நெஞ்சுப் படபடப்பு மீண்டும் வந்தது. ஓய்வு வேண்டுமென மருத்துவர் வற்புறுத்தினர். 1839 இல் எம்மா என்னும் உறவுப் பெண்ணை மணந்து இலண்டனில் வாழ்ந்தார். விருந்துகளுக்குச் சென்று உரையாடி வந்தால், அதன்பின் உடம்பு கடுமையாக நடுங்கும்; வாந்தியும் வரும். ஆகவே விருந்துகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டார். 1842 இல் கென்ற் மாகாணத்திலே டவுண் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். எஞ்சிய 40 ஆண்டுகளும் அதுவே அவருக்கு உறைவிடமாயிற்று.

அவருடைய வாழ்வில் இல்லாமை பல உண்டு. 1848 இல் தந்தையார் இறந்தபொழுது பயணஞ் செய்ய இயலாத நிலையிலிருந்து அதனை எண்ணி மேலும் வருந்தினார். 1858 யூலை முதலாந் திகதி அவருடைய கொள்கையும் வொலஸ் என்பாரது கொள்கையும் இலண்டன் இலினேயன் கழகத்தில் வாசிக்கப்பட்ட வேளையிலும் அவர் அங்கு இலர். மூன்று நாட்களுக்கு முன்னரே அவருடைய கடைசிக் குழந்தை காய்ச்சலால் இறந்திருந்தது. 1859 நவம்பர் 24 இல் உயிரினங்களின் தோற்றம் பற்றிய பெருநூல் 1,250 படிகளாக வெளிவந்த நாளில் அவர் இல்க்கிலி என்னும் ஊரில் நீர்ச்சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார். 1860 இல் அந்நூலைக் குறித்து ஒக்ஸ்போட்டிற் பெரும் வாதம் நிகழ்ந்தபோதும் அவர் இலர். 1864 இற் கொப்ளி பதக்கம் வழங்கப்பட்டபோதும் இலர்.

1865 இல் மருத்துவர் ஒருவருக்காகத் தம் நோய்க்குறிகளை அவரே வரிசைப்படுத்தி எழுதினார். வயிற்றுப் பொருமலும் வாந்தியும் நெடுநாள் வருத்தின என்பதனோடு, நடுக்கம், அடக்கவியலா அழுகை, சாகப்போவது போன்ற உணர்வு, காதிரைச்சல், கண்முன் கரும்புள்ளிகள், காற்றின்மேல் நடப்பது போன்ற மயக்கம் என்பனவற்றை எழுதினார். மனைவி தம்மை விட்டுச் சென்றால் மனம் கலங்குவதையும் மறையாது குறித்தார். ஓர் ஆண்மகன் இதனை எழுதுதற்கு எத்துணைத் துணிவு வேண்டும்!

இந்நோய் யாதென்பதில் அறிஞரிடையே ஒருமைப்பாடில்லை. தென் அமெரிக்கப் பூச்சியொன்றின் கடியால் வந்த தொற்றென 1959 இல் ஒருவர் கருதினார். இழந்த தாயைப் பற்றிய ஆற்றாத் துயரே வேரென 1990 இல் உளமருத்துவர் பௌல்பி எழுதினார். 1997 இல் அமெரிக்க மருத்துவர் இருவர், மேற்கூறிய குறிகளையெல்லாம் தொகுத்து நோக்கி, இது பீதிக் கோளாறு எனத் துணிந்தனர். எம் முடிபு எதுவாயினும், அவர் வரைந்த அப்பட்டியல் பீதித் தாக்கினை அறிந்தோர் சொல்லும் சொற்களோடு பெரிதும் ஒத்திருத்தல் மறுக்கவொண்ணாதது.

ஏன் இங்ஙனம் நிகழ்கின்றது? புலி எதிர்ப்படின் ஓடுதற்கு உடம்பைச் சித்தஞ் செய்யும் அதிரினலின் சுரப்பு, புலி இல்லாதபோதும் பெருகிவிடுகின்றது. இதயம் விரைகின்றது. மூச்சும் விரைவதால் இரத்தத்திலுள்ள காபனீரொட்சைட்டுக் குறைந்து, தலைசுற்றும், விரல்கள் விறைக்கும், நிலம் கால்களின் கீழ் நில்லாதது போலத் தோன்றும். இக்குறிகளைக் கண்டு அஞ்ச, அவ்வச்சமே குறிகளை மேலும் வளர்க்கும். எனினும் இவ்வலை பெரும்பாலும் பத்து நிமிட அளவில் உச்சத்தை அடைந்து, பின்னர்த் தானே தணியும்.

இவ்வுண்மையின் ஒரு கூற்றை டார்வின் தம் உடம்பிலேயே சோதித்தார். இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில், தடித்த கண்ணாடிக்கு அப்பாலிருந்த ஆபிரிக்க விரியன் பாம்பின் எதிரே முகத்தை வைத்து, அது சீறித் தாக்கினும் பின்வாங்குவதில்லை என உறுதி பூண்டு நின்றார். பாம்பு தாக்கிய அக்கணமே அவ்வுறுதி பறந்தது. ஓரிரு யார் தூரம் பின்னே பாய்ந்தார். கண்ணாடி காக்கும் என்பதை அறிவு அறிந்திருந்தும் உடம்பு அறிந்திலது. 1872 இல் வெளியான, மனிதரிலும் விலங்குகளிலும் உணர்ச்சி வெளிப்படுமாற்றினை ஆராயும் நூலிலே இதனை எழுதினார். விரியும் கண்கள், வெளிறும் தோல், குளிர்ந்த வியர்வை, உலரும் வாய் என அச்சத்தின் மெய்ப்பாடுகளை அந்நூல் விரிக்கின்றது. நம் இலங்கையிலே பிடித்துக் கட்டப்பட்ட யானைகள் கண்ணீர் உகுத்தனவென எமர்சன் தெனந்து எழுதிய செய்தியும் அதிலே எடுத்தாளப்பட்டிருக்கின்றது. மெய்ப்பாட்டியல் கற்ற மாணவர் அந்நூலை நமக்கு அயலானதாகக் கருதார்.

இனி, அவர் இத்துன்பத்தோடு வாழ்ந்த முறையை நோக்குவோம். மோல்வேணிற் குளிர்நீர்ச் சிகிச்சை பெற்றார்; 1849 முதல் 1855 வரை தம் உடல்நிலையை நாடோறும் குறித்து வந்தார்; முதுகெலும்பில் பனிக்கட்டி வைக்கும் வைத்தியத்தையும் முயன்று கைவிட்டார். இவற்றினும் மேலாக உதவியது ஒழுங்கான நாள்முறையே எனத் தோன்றுகின்றது. காலையில் நடை, பின்னர் ஒன்றரை மணிநேர வேலை, கடிதம், மீண்டும் வேலை, நண்பகலில் மணற்பாதையில் நடை. அப்பாதையின் திருப்பத்திலே கற்களை அடுக்கி, சுற்றுக்கு ஒன்றாகக் காலால் தட்டி எண்ணுவார். இரவில் மனைவியோடு இரண்டு ஆட்டம் கவறாடுவார். யார் எத்தனை ஆட்டம் வென்றார் என்ற கணக்கும் பல்லாண்டு வைத்திருந்தார். வேலை செய்யத்தக்க நேரம் நாளொன்றுக்குச் சில மணியே. அச்சில மணியை ஒருநாளும் வீணாக்கினாரல்லர்.

ஆயினும் அவர் வழியில் ஒன்றை நாம் பின்பற்றலாகாது. அஞ்சிய இடங்களையெல்லாம் அவர் தவிர்த்தார். தவிர்க்குந்தோறும் அச்சம் வேர்கொள்ளும் என்பது இன்றைய மருத்துவம் கண்ட உண்மை. அவருக்குக் கிட்டாத உதவி நமக்குக் கிட்டும். நெஞ்சுநோவும் மூச்சுத்திணறலும் முதன்முறை தோன்றுவனவாயின் அதனைப் பீதியென்று தாமே முடிவு செய்யாது உடனே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். இதயமும் தைரொயிட்டுச் சுரப்பியும் சோதிக்கப்படல் வேண்டும். அவை நலமெனத் தெளிந்தபின், தாக்கு வரும்போது ஓடாது நின்று, இது தணியும் என்று தமக்குள்ளே சொல்லி, மூச்சை மெல்ல இழுத்து அதனினும் மெல்ல விடுதல் நன்று. விலகிய இடங்களுக்குச் சிறிது சிறிதாக மீளப் பழகல் வேண்டும். உளமருத்துவரின் சொற்பயிற்சியும், வேண்டுழி மருந்தும் பெரும்பயன் தரும்.

ஆசிரியராகிய நமக்கு ஒரு கடமை உண்டு. பரீட்சை மண்டபத்து வாயிலிலே முகம் வெளிறி நடுங்கி நிற்கும் மாணவனைப் பாசாங்குக்காரன் என்றோ, பேய் பிடித்தவன் என்றோ இகழ்ந்துவிடுகின்றோம். பல ஆண்டுகளுக்கு முன் யானும் ஒரு மாணவனை அங்ஙனம் கடிந்து உள்ளே அனுப்பியதுண்டு. அவன் வெறுந்தாளைத் தந்துவிட்டு எழுந்து சென்ற காட்சி இன்னும் என் கண்ணை விட்டகலவில்லை. டார்வின் வரலாற்றை அன்று இவ்வகையிற் கற்றிருந்தேனாயின், அவனருகே சற்று அமர்ந்து, மெல்ல மூச்சுவிடச் செய்து, அதன்பின் அனுப்பியிருப்பேன்.

டார்வின் 1882 ஏப்ரில் 19 இல், தம் 73 ஆம் வயதிலே, மெய்யாகவே வந்த இதயநோயினாற் காலமானார். வெஸ்ற்மினிஸ்ரர் பேராலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார். இறுதி நாட்களில், மரணத்திற்குத் தாம் சிறிதும் அஞ்சவில்லையென மனைவியிடம் சொன்னார். 22 ஆம் வயதிலே நின்றுவிடுமோ என்று அவர் ஐயுற்ற அவ்விதயம், அதன்பின் ஐம்பது ஆண்டுகள் துடித்தது. அவ்வைம்பது ஆண்டிலேதான் அவருடைய நூல்களெல்லாம் எழுந்தன.