கலங்கரைக் குடியிற் பிறந்த கதைஞர்

ஸ்காட்லாந்து நாட்டின் கிழக்குக் கடலில், கரையினின்று ஏறத்தாழப் பதினொரு மைல் தொலைவில், பெல் பாறை என்னும் பெயருடைய பாறை ஒன்று உண்டு. கடல் ஏறும்பொழுது அது நீருள் மறையும். இறங்கும்பொழுதே தலை காட்டும். அதன்மேல் மோதிச் சிதைந்த மரக்கலங்கள் பல. அலைகளோடு போராடி அப்பாறையின்மீது கலங்கரை விளக்கம் எழுப்பியவருள் ஒருவர் இராபர்ட் ஸ்டீவன்சன் என்னும் பொறியியல் வல்லுநர். 1811-ஆம் ஆண்டில் அவ்விளக்கு ஒளி வீசத் தொடங்கியது. அவர்தம் மைந்தருள் மூவர் அத்தொழிலையே மேற்கொண்டனர். அம்மூவருள் இளையவர் தாமஸ். தாமஸின் ஒரே மகனாக, 1850-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 13-ஆம் நாள் எடின்பரோ நகரில் பிறந்தவரே இராபர்ட் லூயி ஸ்டீவன்சன்.

பிறந்த குழந்தை நோஞ்சானாக இருந்தது. குளிர்காலம் வந்தால் இருமலும் காய்ச்சலும் உடன் வரும். உறக்கமின்றித் தவிக்கும் சிறுவனை மடியில் இருத்தி, சமய வரலாறுகளையும் நாட்டின் பழங்கதைகளையும் கூறித் தேற்றியவர் ஆலிசன் கன்னிங்காம் என்னும் செவிலியார். தந்தையாரும் கதைப்பித்து உடையவரே. பகலெல்லாம் கல்லும் சுண்ணமும் கணக்குமாக உழைத்த அப்பெரியவர், இரவில் படுத்ததும், கப்பல்களையும் கொள்ளையரையும் முதிய மாலுமிகளையும் வைத்துத் தமக்குத்தாமே கதை புனைந்துகொண்டே கண்ணயர்வார். அவற்றுள் ஒன்றையேனும் அவர் முடித்ததில்லை. ஏட்டில் எழுதியதும் இல்லை.

குலத்தொழில் மகனிடம் வளரவேண்டும் என்பதே தாமஸின் விருப்பம். மகனும் 1867-ஆம் ஆண்டில் எடின்பரோப் பல்கலைக் கழகத்திற் புகுந்து பொறியியல் கற்கத் தொடங்கினார். விக் என்னும் துறைமுகத்தில், மூழ்குவோர் அணியும் கனத்த உடையைப் பூண்டு கடலின் அடிக்கே இறங்கிப் பார்த்தார். எரெய்டு என்னும் சிறு தீவில், கலங்கரைப் பணியாளரோடு சிலநாள் தங்கினார். கடல் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது, கணக்கு கவரவில்லை. 1871-ஆம் ஆண்டில், கலங்கரை விளக்கின் ஒளியை விட்டுவிட்டுத் தோன்றச் செய்யும் புதுமுறை பற்றி அறிஞர் அவையில் கட்டுரை படித்தார். அதற்கு வெள்ளிப் பதக்கமும் கிடைத்தது. தந்தையார் பெருமகிழ்வு எய்தினார். கட்டுரை படித்துச் சின்னாள் கழிவதற்குள், இருவரும் உலாவச் சென்ற ஒரு மாலையில், தாம் பொறியியலைக் கைவிட்டு எழுத்தாளராக விரும்புவதை மகன் வெளியிட்டார்.

எழுத்து சோறு போடுமா என்பதே அக்காலத்துத் தந்தையர்க்கும் ஐயம். தாமஸ் சினந்து கூச்சலிடவில்லை. ஆயினும், குலத்தொழிலை மகன் தொடரவில்லையே என்னும் வருத்தம் அவர் நெஞ்சிற் பதிந்தது. சட்டமேனும் படிக்குமாறு அவர் கூற, மகன் இசைந்து 1875-ஆம் ஆண்டில் வழக்கறிஞரானார்; ஆனால் வழக்குகளை நாடவில்லை. பின்னர், ஃபேனி ஆஸ்போர்ன் என்னும் அமெரிக்கப் பெண்மணியை மணக்கவேண்டிப் பெற்றோர்க்கும் அறிவிக்காமல் 1879-இல் கடல் கடந்தார். அங்கே வறுமையும் நோயும் சேர்ந்து அவரைச் சாவின் வாயில்வரை கொண்டுசென்றன. செய்தி அறிந்த தந்தையார், ஆண்டுக்கு இருநூற்றைம்பது பவுன் தருவதாகத் தந்தி அனுப்பினார். 1880-ஆம் ஆண்டில் திருமணம் முடித்து, ஃபேனியின் முதல் மணத்து மகனான லாயிடு என்னும் சிறுவனோடு குடும்பம் ஸ்காட்லாந்து திரும்பியது.

1881-ஆம் ஆண்டுக் கோடையில் அவர்கள் பிரேமார் என்னும் மலையூரில் தங்கியிருந்தனர். ஓயாத மழை. வெளியே செல்ல வழியில்லை. பதின்மூன்று வயதினனான லாயிடு வண்ணமும் தூரிகையுமாகப் பொழுது போக்கினான். அவனோடு அமர்ந்திருந்த ஸ்டீவன்சன், ஒருநாள், இல்லாத ஒரு தீவுக்குப் படம் வரைந்தார். மலை, குடா, சதுப்பு நிலம் எல்லாம் அதில் அமைந்தன. படத்தை நோக்க நோக்கக் காட்டினூடே மனிதர் நடமாடக் கண்டார். கதை பிறந்தது. நாளுக்கு ஓர் அதிகாரமாக எழுதி வீட்டாருக்குப் படித்துக் காட்டினார். கதையிற் பெண்கள் கூடாது என்பது லாயிடு இட்ட கட்டளை; எனினும், பிற்காலத்தில் அந்நூலைப் பெண்குழந்தைகளும் விடாமலே படித்தனர்.

வியப்பு இதன்பின் நிகழ்ந்தது. சிறுவனுக்கென்று எழுதிய கதையைக் கேட்கக் கேட்க, முதியவர் தாமஸ் தாமே சிறுவராகிவிட்டார். தாம் இரவுதோறும் புனைந்து முடிக்காது விட்ட கதையன்றோ இது! பழைய மாலுமியின் பெட்டியில் என்னென்ன பொருள்கள் இருந்தன என்று எழுதவேண்டிய இடம் வந்தபோது, அவர் பகலின் பெரும்பகுதியை அதற்கே செலவிட்டு, ஓர் உறையின் பின்புறத்தில் பட்டியல் எழுதிக் கொடுத்தார். மகன் அதை அப்படியே சேர்த்துக்கொண்டார். கொள்ளைத்தலைவன் ஃபிளிண்டின் கப்பலுக்குப் பெயரிட்டவரும் தந்தையாரே.

பதினைந்து அதிகாரங்கள் முடிந்தபின் கதை ஓடவில்லை. உடல்நலம் நாடிச் சுவிட்சர்லாந்திலுள்ள தாவோசுக்குச் சென்றபின் எஞ்சியதை எழுதி முடித்தார். ‘யங் ஃபோக்ஸ்’ என்னும் சிறுவர் இதழில் 1881 அக்டோபர் முதல் வேறொரு புனைபெயரில் அது வெளிவந்தது. அப்பொழுது எவரும் பெரிதாகப் போற்றவில்லை. 1883-இல் நூலாக்க முனைந்தபோது, பதிப்பாளருக்கு அனுப்பிய தீவுப்படம் வழியிலேயே காணாமற் போயிற்று. கதையைக் கொண்டே படத்தை மீண்டும் வரையவேண்டியதாயிற்று. தந்தையாரின் அலுவலகத்தில் அது வரையப்பட்டது. கலங்கரை விளக்கங்களுக்குப் படம் வரைந்த அவ்வலுவலகத்தில் கொள்ளைக்காரனின் தீவு உருப்பெற்றது. ஃபிளிண்டின் கையொப்பத்தைக் கள்ளமாக இட்டவர் தாமஸ்!

தமிழில் ‘புதையல் தீவு’ எனப் பெயர் பெற்ற அந்நூல், பன்னிரண்டு பதின்மூன்று வயதினர் படிக்கத்தக்க கதைகளுள் முன்வரிசையில் நிற்பது. அக்காலத்துச் சிறுவர் நூல்களுட் பல, கதையென்னும் தேனைத் தடவி அறவுரையை ஊட்டின. ஸ்டீவன்சன் அவ்வாறு செய்யவில்லை. ஒற்றைக்கால் சமையற்காரன் ஜான் சில்வர், சிறுவன் ஜிம்மிடம் அன்பாகப் பேசுகிறான். அவனே ஈவிரக்கமின்றிக் கொலையும் செய்கிறான். அவனை வெறுப்பதா விரும்புவதா என்று ஆசிரியர் ஓரிடத்தும் சொல்லவில்லை. ஆப்பிள் பீப்பாய்க்குள் ஒளிந்து அவன் சூழ்ச்சியைக் கேட்கும் ஜிம்மைப் போலவே, படிக்கும் சிறுவரும் தாமே எண்ணித் தெளியவேண்டும். இளையோரின் அறிவில் இத்துணை நம்பிக்கை வைத்த எழுத்தாளர் சிலரே.

1886-இல் ‘கடத்தப்பட்டவன்’ என்னும் கதை வந்தது. அதில் வரும் இளைஞன் தனித்து ஒதுங்கும் தீவு, முன்னர் ஸ்டீவன்சன் தங்கிய எரெய்டே. இக்காலத்தில் அவர் பெரும்பாலும் படுக்கையிலிருந்தே எழுதினார். குருதி கக்கிய நாள்கள் பல. 1887-இல் தந்தையார் மறைந்தார். மறு ஆண்டு ஸ்டீவன்சன் குடும்பத்தோடு பசிபிக் கடலில் மரக்கலம் ஏறி, 1889 டிசம்பரில் சமோவாத் தீவை அடைந்தார். வெப்பக் காற்று அவருக்கு உயிர் ஈந்தது. அங்கேயே நிலம் வாங்கி வீடு கட்டினார். தீவினர் அவரைக் கதை சொல்பவர் என்னும் பொருள்படத் ‘துசித்தாலா’ என்றழைத்தனர். பூதம் அடைபட்ட குப்பி பற்றிய அவர் கதை சமோவா மொழியில் வெளிவந்தபோது, அக்குப்பி அவர் வீட்டில்தான் இருக்கிறதென்று நம்பினோரும் உண்டு. சிறைப்பட்ட தலைவர்களுக்கு அவர் துணைநின்றார். விடுதலையான அவர்கள் 1894-இல் நன்றியாக அவர் வீட்டிற்குத் தம் கைகளாலேயே சாலை அமைத்தனர்.

அவ்வாண்டு டிசம்பர் 3-ஆம் நாள் மாலை, மனைவியாரோடு உரையாடிக் கொண்டிருந்தபோது தலையைப் பற்றிக்கொண்டு சாய்ந்தார்; அன்றிரவே உயிர் நீத்தார். அகவை நாற்பத்து நான்கு. வீட்டின் பின்னுள்ள வயேயா மலையின் உச்சியில் அடக்கம் செய்யவேண்டும் என்பது அவர் விருப்பம். அம்மலைக்கு வழி கிடையாது. சமோவா மக்கள் கோடரியும் கத்தியும் கொண்டு காட்டை வெட்டி வழி திறந்தனர். மறுநாள் அவர் உடலைத் தோளில் சுமந்து மேலேறினர். கல்லறை அமைந்த அவ்விடத்தினின்று நோக்கினால் கீழே கடல் தெரியும்.