வால் எந்தப் பக்கம் ஆடுது? நாஞ்சில் நாட்டில் முகாம் போட்ட சலீம் அலி!

காலையில் சுசீந்திரம், தேரூர் குளக்கரைப் பக்கம் போயிருக்கீங்களா? ஒரு சின்னப் பறவை விறுவிறுன்னு ஓடும், சட்டென நிற்கும், வாலை மேலும் கீழும் ஆட்டும். அதுதான் வாலாட்டிக் குருவி. இப்படி நம்ம ஊரில் இருக்கும் பறவைகளையெல்லாம் கணக்கெடுக்க 1933-ல் ஒருவர் வந்தார். அவர்தான் சலீம் அலி.

1896-ல் மும்பையில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பா, அம்மா இருவரையும் இழந்து, தாய்மாமா வீட்டில் வளர்ந்தார். ஒருநாள் ஏர்கன்னால் சுட்ட குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. இது என்ன குருவி? பதில் தேடி பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனான் அந்தச் சிறுவன். அங்கே செயலாளர் மில்லார்ட் காட்டிய பறவைகளைப் பார்த்து அசந்துபோனான்.

ஆனால், அந்த ஆசை சோறு போடவில்லை. பட்டம் இல்லாததால் அரசு வேலை கிடைக்கவில்லை. ஜெர்மனியில் பயிற்சி முடித்துத் திரும்பினால், பார்த்துவந்த அருங்காட்சியக வேலையும் போயிருந்தது. சம்பளம் வேண்டாம், செலவை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று சமஸ்தானங்களில் பறவைக் கணக்கெடுப்பில் இறங்கினார். மனைவி தெஹ்மினாவும் முகாம் முகாமாகக் கூடவே வந்தார். குமரி மாவட்டம் அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. ஆரல்வாய்மொழி, கன்னியாகுமரி எனத் தென்கோடி வரை இருவரும் வந்தார்கள்.

அந்தக் காலத்தில் பறவையைச் சுட்டுப் பாடம் செய்வதுதான் ஆய்வு. அவரும் சுட்டார். ஆனால், அதோடு நிற்கவில்லை. உயிரோடு இருக்கும் பறவை எங்கே மேய்கிறது, என்ன தின்கிறது, எப்படி நடக்கிறது என்று குறித்துவைத்தார்.

1939-ல் ஓர் அறுவை சிகிச்சைக்குப் பின் தெஹ்மினா இறந்துபோனார். நொறுங்கிப்போன சலீம் அலி, மறுபடி பறவைகளிடமே திரும்பினார். 1941-ல் சாமானியர்களுக்கான பறவைக் கையேடு வந்தது. பிறகு ரிப்ளேயுடன் சேர்ந்து 10 தொகுதிகள். அதில் ஒன்பதாவது தொகுதி வாலாட்டிகளோடு முடிகிறது.

நாமும் அடையாளம் காணலாமே!

வெண்புருவ வாலாட்டி: கறுப்பு, வெள்ளை உடம்பு, கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம். வருஷம் முழுக்க இங்கேயே இருக்கும் உள்ளூர்க்காரர்.

சாம்பல் வாலாட்டி: சாம்பல் முதுகு, மஞ்சள் அடிப்பகுதி, நீளமான வால். குளிர்காலத்தில் மலையோடைப் பாறைகளில் தேடுங்க.

மஞ்சள் வாலாட்டி: இதுவும் குளிர்கால விருந்தாளி. வயலில், மேயும் மாட்டின் காலடியில் பூச்சி பிடிக்கும்.

கொடிக்கால் வாலாட்டி: மார்பில் இரண்டு கறுப்புப் பட்டைகள். மரநிழலில் நடக்கும். மற்றவை மேலும் கீழும் ஆட்ட, இது மட்டும் வாலை இடமும் வலமுமாக ஆட்டும்!

சாம்பல் வாலாட்டிக்கு இன்னொரு குணம் உண்டு. இமயமலைக்கு அப்பாலிருந்தும் வரும் இது, வருஷாவருஷம் அதே இடத்துக்கே திரும்பும். நகரத்தின் நடுவே இருக்கும் சின்னப் புல்தரையைக்கூட மறக்காது. ஓடையை மூடி பிளாட் போட்டுவிட்டால், அவ்வளவு தூரம் பறந்து வந்த பறவை எங்கே இறங்கும்?

சலீம் அலி 1987-ல், 90 வயதில் மறைந்தார். இது என்ன குருவி என்று கேட்பதை மட்டும் கடைசிவரை விடவில்லை. நாளைக்குக் குளக்கரைக்குப் போனால் நீங்களும் கேட்டுப் பாருங்க. பைனாகுலர் இல்லையா? பரவாயில்லை, வால் எந்தப் பக்கம் ஆடுதுன்னு முதல்ல பாருங்க!