எதற்கு முதலிடம்?

விருத்தாசலம் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? பழமையான விருத்தகிரீஸ்வரர் கோயில் நினைவுக்கு வரலாம். அடுத்து பீங்கான்! வெள்ளைக் களிமண்ணைக் குழைத்து, அச்சில் வார்த்து, சூளையில் சுட்டு, அழகழகான பொம்மைகளும் மின்சார ஃப்யூஸ் கட்டைகளும் செய்யும் ஊர் அது.

இந்தப் பீங்கான் நகரத்துக்கு அருகே, முகாசாபரூரை அடுத்து, கோணான்குப்பம் என்ற சின்னஞ்சிறு கிராமம் இருக்கிறது. அங்கே பெரியநாயகி மாதா கோயில் உள்ளது. ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில் நடக்கும் திருவிழாவுக்கு ஏராளமான மக்கள் வருவார்கள். அந்த மாதா தமிழ்ப் பெண்ணைப் போலச் சேலை உடுத்திக் காட்சி தருகிறார். இந்தக் கோயிலை முதன்முதலில் கட்டியவர் தமிழர் அல்லர். இத்தாலி நாட்டிலிருந்து வந்த ஒரு பாதிரியார். உங்கள் தமிழ்ப் பாடநூலில் வரும் வீரமாமுனிவர்தான் அவர்!

அவருடைய இயற்பெயர் கான்ஸ்டான்டைன் ஜோசப் பெஸ்கி. 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள், வட இத்தாலியில் உள்ள காஸ்திக்ளியோனே என்ற ஊரில் பிறந்தார். அந்த ஊருக்கு ஏற்கெனவே ஒரு பெருமை உண்டு. புனித ஞானப்பிரகாசியார் பிறந்த ஊர் அது. சிற்றரசர் வீட்டின் மூத்த பிள்ளையான அவர், பட்டமும் சொத்தும் வேண்டாம் என்று விட்டுவிட்டு இயேசு சபையில் சேர்ந்தார். ரோம் நகரில் கொள்ளைநோய் பரவியபோது நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து, தாமும் நோயுற்று, 1591இல் 23 வயதிலேயே இறந்துபோனார்.

பெஸ்கியும் அதே இயேசு சபையில் 1698இல் சேர்ந்தார். அங்கே சேருபவர்கள் சொந்தமாகப் பொருள் வைத்துக்கொள்ளக் கூடாது. திருமணம் செய்துகொள்ளக் கூடாது. எங்கே அனுப்பினாலும் போக வேண்டும். 1709இல் பெஸ்கி குருப்பட்டம் பெற்றார். வாழ்க்கையில் கடவுளுக்குத்தான் முதலிடம் என்று அவர் முடிவு செய்துவிட்டார். அப்படி முடிவு செய்வது ஒரு நாள் வேலை. அதன்படி வாழ்வதோ வாழ்நாள் முழுவதும் செய்ய வேண்டிய வேலை!

1710ஆம் ஆண்டு அவர் இந்தியாவுக்கு வந்தார். அப்போது சூயஸ் கால்வாய் கிடையாது. அது திறக்கப்பட்டது 1869இல்தான். ஆகவே கப்பல்கள் ஆப்பிரிக்கக் கண்டத்தையே சுற்றிக்கொண்டு பல மாதங்கள் பயணம் செய்து வர வேண்டும். வழியில் நோயாலும் புயலாலும் இறந்தவர்கள் பலர். கோவாவில் இறங்கிய பெஸ்கி, 1711இல் தமிழகம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது முப்பதுதான்.

வந்ததும் அவர் என்ன செய்தார் தெரியுமா? முதலில் தம்மை மாற்றிக்கொண்டார். ஐரோப்பிய உடையைக் களைந்து காவி உடுத்தினார். புலால் உண்பதை விட்டார். தம் பெயரையும் தைரியநாதர் என்று மாற்றிக்கொண்டார். பின்னாளில் அவருக்கு வீரமாமுனிவர் என்ற பெயர் நிலைத்தது.

யோசித்துப் பாருங்கள். உங்களுக்குப் பிடித்த சாப்பாட்டை ஒரு வாரம் விட்டிருக்கச் சொன்னாலே எவ்வளவு கஷ்டமாக இருக்கும்! பிறந்த ஊரின் உணவும் உடையும் தவறானவை அல்ல. ஆனாலும் தாம் வந்த பணிக்கு அவை குறுக்கே நிற்கும் என்று தெரிந்ததும் முனிவர் அவற்றை விட்டுவிட்டார்.

விரைவிலேயே பெரிய சோதனையும் வந்தது. 1714, 1715ஆம் ஆண்டுகளில் அவருடைய சமயப் பணிக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. அவருக்கு மரண தண்டனையே விதிக்கப்பட்டது! நல்லவேளையாக அவர் உயிர் தப்பினார். வேறு யாராக இருந்தாலும், போதும் என்று அடுத்த கப்பலில் ஊர் திரும்பியிருக்கலாம். முனிவர் திரும்பவில்லை. தமிழகத்திலேயே தங்கித் தமிழை இன்னும் ஆழமாகக் கற்றார். சுப்பிரதீபக் கவிராயர் என்ற புலவர் அவருக்கு இலக்கணமும் இலக்கியமும் கற்பித்தார் என்று சொல்வார்கள்.

கடவுளுக்கு முதலிடம் கொடுத்த பாதிரியார், இலக்கணம் படிப்பதில் இவ்வளவு நேரம் செலவிடலாமா என்று உங்களுக்குத் தோன்றலாம். நல்ல கேள்விதான்! மக்களுக்குக் கடவுளைப் பற்றிச் சொல்வதே அவருடைய முதல் வேலை. அதை மக்களின் மொழியில், அவர்கள் மகிழும்படி சொல்ல வேண்டாமா? முதல் வேலை எது என்பதில் அவருக்குத் தெளிவு இருந்ததால், அதற்கு உதவும் மற்ற வேலைகளும் தாமாகவே வரிசையில் வந்து நின்றன.

கோணான்குப்பத்தில் அவர் மாதாவுக்கு வைத்த பெயரைக் கவனியுங்கள். விருத்தாசலம் சிவன் கோயில் அம்மனுக்கும் பெரியநாயகி என்ற பெயர் உண்டு. அந்த வட்டார மக்களின் வாயில் புழங்கிய பெயரையே மாதாவுக்கும் சூட்டினார் முனிவர். அரியலூர் மாவட்டத்தில் உள்ள ஏலாக்குறிச்சியிலும் அடைக்கல மாதாவுக்கு ஒரு கோயில் கட்டினார்.

அவர் இயற்றிய பெருங்காப்பியம் தேம்பாவணி. 36 படலங்கள், 3,615 பாடல்கள் கொண்டது. காப்பியம் என்றால் பெரிய போர் வீரரின் கதையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறீர்களா? இதன் தலைவர் இயேசுவின் வளர்ப்புத் தந்தையான சூசையப்பர். அவர் ஒரு தச்சர்! விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளர்களைப் போல, கையால் உழைத்துப் பிழைத்தவர். உலகம் பெரிதாக நினைப்பவரை விட்டு, கடவுள் சொல்லைக் கேட்டு நடந்த ஓர் உழைப்பாளியைத் தம் காப்பியத் தலைவராக்கினார் முனிவர்.

அந்தக் காலத்தில் பாதிரியார்கள் சிலரே இருந்தார்கள். கிராமங்களோ ஏராளம். அதனால் உபதேசியார்கள்தான் ஊர் ஊராகச் சென்று மக்களுக்கு ஜெபமும் வேதமும் கற்றுக்கொடுப்பார்கள். அவர்கள் எப்படி வாழ வேண்டும், எப்படிப் பணியாற்ற வேண்டும் என்று வழிகாட்டுவதற்காகவே வேதியர் ஒழுக்கம் என்ற உரைநடை நூலை எழுதினார்.

அகராதி பார்க்கத் தெரியுமா உங்களுக்கு? முன்பெல்லாம் சொற்களுக்குப் பொருள் தெரிய வேண்டுமானால் நிகண்டு என்ற செய்யுள் நூலை மனப்பாடம் செய்ய வேண்டும். முனிவர் 1732இல் சதுரகராதியை உருவாக்கி, சொற்களை அகர வரிசையில் தந்தார். அன்று கொடி என்ற சொல்லும் கோடி என்ற சொல்லும் ஒரே மாதிரி எழுதப்பட்டன. குறிலுக்கு மேலே ஒரு புள்ளி வைப்பதுதான் வேறுபாடு. எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்று பலர் அந்தப் புள்ளியையும் விட்டுவிடுவார்கள். இந்தக் குழப்பம் தீர நெடிலுக்குத் தனி வடிவம் தந்தவர் வீரமாமுனிவர் என்பார்கள். இன்று நீங்கள் போடும் இரட்டைச் சுழிக் கொம்புக்கு அவருக்கு ஒரு நன்றி சொல்லுங்கள்!

திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீன் மொழியில் பெயர்த்தார். தமக்குரிய வேதத்தில் உறுதியாக இருந்தவர், பிறரிடம் உள்ள நல்லதையும் மனதாரப் போற்றினார். நீங்கள் விழுந்து விழுந்து சிரிக்கும் பரமார்த்த குருவும் அவருடைய ஐந்து சீடர்களும் வரும் கதையும் இவர் எழுதியதுதான்.

முனிவர் தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. 1747இல் கேரளத்தில் உள்ள அம்பலக்காட்டில் காலமானார். சென்னை மெரீனா கடற்கரைக்குப் போனால், 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வைக்கப்பட்ட அவருடைய சிலையைப் பார்க்கலாம்.

குட்டி நண்பர்களே, பள்ளி, விளையாட்டு, டிவி, நண்பர்கள் என்று உங்கள் நாளிலும் எத்தனையோ காரியங்கள் முட்டி மோதுகின்றன. எல்லாவற்றுக்கும் முதலிடம் கொடுக்க முடியாது. இன்று இரவு ஒரு தாளில், உங்கள் வாழ்க்கையில் முதலிடம் எதற்கு என்று எழுதுங்கள். அதற்குக் கீழே, அதற்காக நாளை எதைச் செய்வீர்கள், எதை விட்டுக்கொடுப்பீர்கள் என்றும் எழுதுங்கள். இரண்டாவது பதில்தான் கொஞ்சம் கஷ்டம். வீரமாமுனிவர் அந்தப் பதிலைத் தம் வாழ்நாள் முழுவதும் எழுதினார்!