நான்காவது வார்த்தைப்பாடு

ஆபத்து வந்தபின், போவோமா வேண்டாமா என்று யோசிப்பது மனித இயல்பு. அந்த யோசனைக்கே இடம் வைக்காதவர் புனித கமில்லஸ் தெ லெல்லிஸ். நர்ஸ் படிப்புக்குச் செல்ல விரும்பும் நம்மில் பலருக்கும் இவர் பெயர் தெரியாது.

இத்தாலியில் புக்கியானிக்கோ என்னும் ஊரில் 1550ஆம் ஆண்டு பிறந்த இவருடைய இளமை நாம் பின்பற்றத் தக்கதன்று. ஆறரை அடி உயரப் படைவீரர், சூதாட்டப் பித்தர். 1574இல் நேப்பிள்ஸ் நகரில் உடுத்திய சட்டையையும் தோற்றார் என்பர். கூலி வேலைக்குக் கப்புச்சின் மடம் சென்றவர் 1575இல் மனந்திரும்பினார். துறவியாக விரும்பினார், காலிலிருந்த ஆறாத புண் தடுத்தது. அந்தப் புண்ணே அவரை உரோமையிலுள்ள புனித யாக்கோபு மருத்துவமனைக்கு இட்டுச் சென்றது. முன்பு சூதாட்டத்துக்காக வெளியேற்றப்பட்ட அதே இடத்தில் பணியாளராகி, மேற்பார்வையாளராகவும் உயர்ந்தார்.

கூலிக்கு வந்தவர்கள் நோயாளிகளைக் கவனியாது விட்டதை அங்கே கண்டார். ஆகவே அன்பினால் வருவோரைத் திரட்டினார். 1584இல் குருவானார். 1586இல் பாப்பரசர் ஐந்தாம் சிக்ஸ்துஸ் அனுமதியுடன் தோழர்கள் அங்கியில் சிவப்புச் சிலுவை அணிந்தனர். (ஜெனீவாவின் செஞ்சிலுவைச் சின்னம் 1864இல் வந்தது, இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.)

நேப்பிள்ஸ் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களில் கொள்ளைநோய் கண்டபோது, அவற்றைக் கரைசேர விடவில்லை. கமில்லஸின் தோழர்கள் அந்தக் கப்பல்களுக்கே சென்றனர். இருவர் நோய் தொற்றி இறந்தனர். மற்றவர்கள் பின்வாங்கியிருந்தால் நாம் குறை கூற முடியுமா? அவர்களோ 1591 டிசம்பர் 8ஆம் நாள், கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் ஆகிய மூன்றோடு நான்காவதாக ஒரு வார்த்தைப்பாடும் கொடுத்தனர். கொள்ளைநோய்க் காலத்திலும், உயிருக்கே ஆபத்து வந்தாலும் நோயாளிகளுக்குப் பணிபுரிவது என்பதே அது.

1598ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் வேளையில் டைபர் ஆறு பெருக்கெடுத்தது. உரோமை கண்ட வெள்ளங்களில் அதுவே மிகப் பெரியது. பழைய கற்பாலம் ஒன்றில் பாதியை அடித்துச் சென்றது. தூய ஆவி மருத்துவமனையோ ஆற்றை ஒட்டியே இருந்தது. கமில்லஸுக்கு வயது 48. கால் புண் ஆறியிருக்கவில்லை. அவரும் தோழர்களும் நோயாளிகளை ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டு இரவெல்லாம் படியேறினர். கீழ்த்தளத்தில் வெள்ளம் புகுந்தபோது நோயாளிகள் மேல்மாடியில் இருந்தனர்.

1614 ஜூலை 14ஆம் நாள் உரோமையில் இறந்தார். அந்தப் புண் கடைசிவரை ஆறவேயில்லை. 1746இல் புனிதராக உயர்த்தப்பட்டார். 1930இல் பாப்பரசர் பதினொன்றாம் பத்திநாதர் அவரை நர்சுகளின் பாதுகாவலராக அறிவித்தார்.