கொட்டேஷனில் ஒளிந்திருக்கும் மெக்காடம்

தார் ரோடு போடும் கான்ட்ராக்டரிடம் கொட்டேஷன் வாங்கினால் அதில் 'வெட் மிக்ஸ் மெக்காடம்', 'பிட்டுமினஸ் மெக்காடம்' என்று ஓரிரு வரிகள் இருக்கும். நாம் அளவு, ரேட், மொத்தம் இவற்றைப் பார்த்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவோம். மெக்காடம் என்பது கம்பெனியோ ரசாயனமோ அல்ல, ஒரு மனிதரின் பெயர். நம் குடியிருப்பின் உள்சாலைகளைப் புதுப்பிக்க வேண்டும் என்ற பேச்சு நடக்கும் இந்த நேரத்தில் அவரைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது.

ஜான் லூடன் மெக்காடம் 1756-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் அயர் நகரில் பிறந்தவர். 1770-ல், பதினான்கு வயதில், நியூயார்க்கில் வணிகம் செய்துவந்த சித்தப்பாவிடம் போய்ச் சேர்ந்தார். அங்கே தொழில் கற்றுச் செல்வமும் சேர்த்தார். அமெரிக்க விடுதலைப் போரில் அவர் பிரிட்டிஷ் அரசின் பக்கம் நின்றவர். அதனால் போர் முடிந்ததும் சொத்தில் பெரும்பகுதியை இழந்து 1783-ல் ஊர் திரும்பினார்.

அயர்ஷயரில் ஒரு நிலத்தை வாங்கிக் குடியேறினார். அந்தக் காலத்தில் வழிப்போக்கரிடம் சுங்கம் வசூலித்துச் சாலைகளைப் பராமரிக்க டிரஸ்டுகள் இருந்தன. அப்படி ஒரு டிரஸ்டில் உறுப்பினரானபோதுதான் அவருக்குச் சாலைப் பித்து பிடித்தது. தொழிலுக்காக நிலக்கரியிலிருந்து தார் எடுக்கும் ஆலை ஒன்றையும் நடத்தினார். ஆனாலும் அவர் போட்ட சாலைகளில் தார் கிடையாது, வெறும் ஜல்லிதான்.

பிறகு இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். எங்கே போனாலும் சாலைகளைப் பார்த்துக் குறிப்பெடுத்தார். கைப்பணத்தைச் செலவழித்து நாடெங்கும் சுற்றினார். 1816-ல் பிரிஸ்டல் நகரைச் சுற்றிய சாலைகளின் கண்காணிப்பு அவர் கைக்கு வந்தது. அப்போது அவருக்கு 59 வயது. நம்மில் பலர் பென்ஷன் பேப்பரில் கையெழுத்துப் போடும் வயதில் அவருடைய முக்கியமான வேலை ஆரம்பித்தது.

அவர் கண்டுபிடித்தது எளிய விஷயம். வண்டியின் பாரத்தைத் தாங்குவது அடியிலுள்ள மண்தான். மண் காய்ந்திருக்கும்வரை தாங்கும், நனைந்தால் தாங்காது. ஆகவே சாலையின் வேலை மண்ணுக்குக் கூரையாக இருப்பது. மற்றவர்கள் அடியில் பெரிய பாறைகளைப் பாவினார்கள். இவர் அது வேண்டாம் என்றார். சாலையைச் சுற்றுப்புறத்தைவிட உயர்த்தி, இரு பக்கமும் வாய்க்கால் வெட்டி, உடைத்த கல்லைச் சுமார் 10 அங்குலம் பரப்பினால் போதும் என்றார். 30 அடி அகலச் சாலைக்கு நடுவில் 3 அங்குல உயரம் இருந்தால் தண்ணீர் ஓடிவிடும்.

கல்லின் அளவில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு கல் ஆறு அவுன்சுக்கு, அதாவது சுமார் 170 கிராமுக்கு, மேல் இருக்கக்கூடாது. மேற்பார்வையாளர்கள் தராசு வைத்துச் சோதித்தார்கள். சிறு சுத்தியலால் உட்கார்ந்தபடியே உடைக்கும் வேலை என்பதால் ஏழைப் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் கூலி கிடைத்தது. பல இடங்களில் புதுக் கல்லே வாங்கவில்லை. பழைய சாலையைக் கிளறி, அதிலிருந்த பெரிய கற்களை உடைத்து மறுபடி பரப்பினார்.

வங்கியில் வேலை பார்த்த எனக்கு அவரிடம் அதிகம் பிடித்தது கணக்கு விஷயம். டிரஸ்டுகளின் பணம் வீணாவதற்குக் கல்லைவிட நிர்வாகமே காரணம் என்று அவர் வாதாடினார். சாலையைப் பார்ப்பவர் தொழில் தெரிந்தவராக, முறையான சம்பளம் பெறுபவராக, ஒவ்வொரு செலவுக்கும் பதில் சொல்பவராக இருக்கவேண்டும் என்றார். அவருடைய மகன்களும் இதே தொழிலுக்கு வந்தார்கள். தமக்கு வந்த சர் பட்டத்தை வயதைக் காரணம் காட்டி மறுத்தார். 1834-ல் அது மகன் ஜேம்ஸுக்குப் போனது. 1836 நவம்பரில், 80 வயதில், மொஃபட் என்ற ஊரில் காலமானார்.

மோட்டார் வாகனங்கள் வந்தபின் ஜல்லிச் சாலைகளில் புழுதி கிளம்பியது. 1902-ல் ஹூலி என்ற பொறியாளர் தாரும் கசடும் கலந்த கலவைக்குக் காப்புரிமை பெற்றார். 'டார்மாக்' என்ற பெயர் அப்படி வந்தது. நம் தார் ரோடு அதே குடும்பம்தான்.

மெக்காடம் இன்று நம் சங்கக் கூட்டத்துக்கு வந்தால் மேலே தெரியும் கறுப்பைப் பற்றிக் கேட்கமாட்டார். கான்ட்ராக்டரிடம் நாம் கேட்கவேண்டியவை இவை:

1. மழைநீர் எந்தப் பக்கம் ஓடும்? வாட்டம் எவ்வளவு?
2. பழைய தாரை மில்லிங் செய்து எடுத்துவிட்டுப் போடுவாரா, மேலேயே போட்டு வீட்டு வாசல்களைப் பள்ளமாக்குவாரா?
3. எழுதியிருக்கும் கனம் ரோலர் ஓடியபின் உள்ள கனமா? அளந்து பார்த்துத்தானே பணம்?
4. அளப்பது யார்? அவருக்கும் கான்ட்ராக்டருக்கும் கொடுக்கல் வாங்கல் இருக்கக்கூடாது.
5. குறை வந்தால் எத்தனை மாதம் பொறுப்பு? அதுவரை எவ்வளவு தொகையை நிறுத்தி வைக்கலாம்?

வேலை முடிந்தபின் ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் வடிகால்களைத் தூர்வாரி, சிறு குழிகளை உடனே அடைத்தால் போட்ட பணம் நிற்கும். குறைந்த ரேட் கொட்டேஷனைத் தேர்ந்தெடுக்கும் முன் இந்த ஐந்துக்கும் எழுத்தில் பதில் வாங்குவோம்.