சொல் வழக்கின் வேர் தேடிய எராஸ்மஸ்

மக்கள் நாவில் புழங்கும் மரபுத்தொடர்கள் எங்குத் தோன்றின, எப்பொருளில் வழங்கின என ஆராய்வதைத் தம் பெரும்பணியாகக் கொண்டவர் அறிஞர் எராஸ்மஸ். ஹாலந்தின் ராட்டர்டாம் நகரில் பாதிரியார் ஒருவருக்கு மணவாழ்வின்றிப் பிறந்த அவர், இளமையிலேயே பெற்றோரை இழந்து துறவுமடம் புகுந்தார். கல்வியே அவருக்குத் துணையாயிற்று.

1500 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்திலிருந்து திரும்பும் வழியில், டோவர் துறைமுகச் சுங்க அதிகாரிகள் அவருடைய கைப்பொருளைப் பறித்துக்கொண்டனர். வறியவராய்ப் பாரிஸ் சேர்ந்தவர், பிழைப்பை எண்ணிக் கிரேக்க, இலத்தீன் தொடர்கள் 818ஐத் திரட்டி, விளக்கத்தோடு அவ்வாண்டே நூலாக்கினார். 1508 இல் வெனிசில் ஆல்டஸ் மனூஷியசின் அச்சகத்தில், அவர் எழுத எழுதவே அச்சேறிய விரிவான பதிப்பில் அவை மூவாயிரத்தைக் கடந்தன. இறுதிப் பதிப்பில் 4,151 ஆயின. 'அடேஜியா' எனப்படும் அந்நூல் வெறும் அகராதியன்று. போர் அதனை அறியாதவர்க்கே இனிது என்னும் தொடருக்கு 1515 ஆம் ஆண்டுப் பதிப்பில் அவர் வரைந்த உரை, மன்னர்தம் போர்வெறியைக் கண்டிக்கும் நெடுங்கட்டுரையாக விரிந்தது.

கிரேக்கக் கதையில் பண்டோரா திறந்தது பெருந்தாழியே. எராஸ்மஸ் அதனைப் பேழை என எழுதினார். அந்தத் தவறே ஐரோப்பிய மொழிகளில் மரபுத்தொடராக நிலைத்துவிட்டது. தொடர்களின் பிறப்பை ஆராய்ந்தவர் கையாலேயே, அவர் அறியாமல், ஒரு தொடர் பிறந்தது.

1536 இல் பாசல் நகரில் அவர் மறைந்தார். 1559 இல் ரோமத் திருச்சபை அவருடைய எழுத்துகள் அனைத்தையும் தடைசெய்தது. ஆயினும் தொடர்களைக் கைவிட எவராலும் இயலவில்லை. 1575 இல் பிளாரன்சில் 'அடேஜியா' மீண்டும் அச்சாயிற்று. சில பகுதிகள் நீக்கப்பட்டிருந்தன, ஆசிரியர் பெயரும் இல்லை.