காந்தப்புலம் அலையாய் அசையுமா? ஆம் என்றவரை அன்று பலர் நம்பவில்லை

வீணைத் தந்தியைச் சுண்டினால் அதிரும். விண்வெளியில் காந்தப்புலமும் அப்படித்தான் அதிரும்னு சொன்னால் நம்புவீங்களா?

1942இல் அதைச் சொன்னவர் ஹன்னஸ் ஆல்வேன். சுவீடன்காரர். அப்போது வயது 34.

பெற்றோர் இருவரும் மருத்துவர்கள். மகனை ஈர்த்ததோ வானியலும் பள்ளியின் வானொலிக் கழகமும்!

சூரியன் முழுக்க பிளாஸ்மா, அதாவது மின்னூட்டம் கொண்ட வாயு. அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதனால் காந்தக் கோடுகள் வாயுவோடு ஒட்டிக்கொண்டதுபோல் நகரும் என்றார் ஆல்வேன். வளைந்த கோடு நிமிரப் பார்க்கும். வாயுவின் எடை அதைப் பின்னுக்கு இழுக்கும். அப்புறம் என்ன, அலைதான்!

அப்படியோர் அலை இருந்தால் மேக்ஸ்வெல் எப்போதோ கண்டுபிடித்திருப்பாரே என்று ஒதுக்கினார்களாம். 1948இல் சிக்காகோவில் அவர் பேசியதைக் கேட்ட என்ரிக்கோ ஃபெர்மி தலையாட்டினார். அதன்பிறகே மற்றவர்களும் ஒப்புக்கொண்டனர் என்று ஒரு கதை உண்டு. பெரியவர் தலையாட்டினால்தான் சிலருக்குப் புரியும்போல!

1970இல் இயற்பியல் நோபெல் பரிசு கிடைத்தது. அந்த மேடையில் அவர் என்ன செய்தார் தெரியுமா? கோடுகள் வாயுவோடு ஒட்டியிருக்கும் என்ற தமது கருத்தையே விண்வெளியில் எல்லா இடத்திலும் நம்பிவிடாதீர்கள் என்று எச்சரித்தார்.

சூரியனிலிருந்து விநாடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் சூரியக் காற்றில் அந்த அலைகள் நிறைய இருப்பதை மரினர் 5 விண்கலத்தின் தகவல்கள் காட்டின.

வாயேஜர் கலங்கள் இன்னும் தூரம் போயின. சூரியக் காற்றின் எல்லையருகே காந்தப்புலம் சுமார் 0.1 நானோடெஸ்லாதான். நீங்கள் சிங்கப்பூரில் நிற்கும் இடத்தில் அது 40,000க்கும் மேல்! கலத்தின் சொந்தக் காந்தமே அளவீட்டைக் கெடுத்துவிடும். அதனால் காந்தமானிகளை 13 மீட்டர் நீளக் கம்பத்தில் தள்ளிவைத்தார்கள்.

அவ்வளவு மெல்லிய புலமும் அங்கே சும்மா இருப்பதில்லை. ஏறுகிறது, இறங்குகிறது, திசை மாறுகிறது. சில இடங்களில் ஏற்ற இறக்கம் சராசரி அளவுக்கே வந்துவிடுகிறது. ஆல்வேன் அலைகள் மட்டுமல்ல, கொந்தளிப்பும் நெரிசலும் கலந்த குழப்பம் அது. இன்றும் ஆய்வாளர்கள் அதைப் பிரித்துப் பார்க்கத் திணறுகிறார்கள்.

ஆல்வேன் 1995இல் தமது 86ஆவது வயதில் காலமானார். வாயேஜர் 1 அந்த எல்லையைத் தாண்டியது 2012இல், சூரியனிலிருந்து சுமார் 1,800 கோடி கிலோமீட்டர் தொலைவில்.